அரைக் கோப்பையும் ஆடும் கொமட்டும்

எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொமட் ஆடும். உட்கார்ந்தால் முன்னால் ஒரு தரம் சாயும், எழுந்தால் பின்னால் ஒரு தரம் போகும். வீட்டுக்கு யாராவது வந்தால் முதலிலேயே சொல்லிவிடுவோம், பயப்படாதீர்கள், அது அப்படித்தான் என்று. என் வீட்டுக்காரருக்கு அது பெரிய தமாசு. "கொழுந்து லொறியில குந்திக்கிட்டு போற மாதிரியே இருக்கு புள்ள" என்பார். மனுஷன் எதற்குத்தான் சிரிக்கமாட்டார்! நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அம்மா மட்டும் ஒரு நாளும் சிரித்ததில்லை.

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. பின்பக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேல் நாலு தூண் எழுப்பி, கொங்கிறீட் தட்டுப் போட்டு, அதன் மேல்தான் கக்கூஸ் கட்டியிருக்கிறோம். தட்டுக்குக் கீழே ஆள் குனிந்து நிற்கலாம். அங்கே விறகு அடுக்கியிருப்போம். விறகுக்குப் பக்கத்தால் கழிவுக் குழாய் இறங்கி, சற்றுத் தள்ளிச் சரிவில் இருக்கும் குழிக்குப் போகும்.

பனிக்காலத்துக் காலையில் மூட்டம் பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி வந்து அந்தத் தூண்களை மறைத்துவிடும். அப்போது கக்கூஸின் சின்ன ஜன்னல் வழியே பார்த்தால் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதிர்மலை இல்லை, லயம் இல்லை, தேயிலை இல்லை. எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையில் நானும் நாலு சுவரும் மட்டும் மிதந்து கொண்டிருப்போம். எங்கேயோ பஸ் ஹோர்ன் கேட்கும், அதுவும் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். வேலையில்லாத நாளில் அங்கேயே சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "உள்ள உசுரோட இருக்கியா?" என்று கேட்கும்வரை எனக்கு அது சொர்க்கம்தான். அதே இடம் அம்மாவுக்கு என்னவாக இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

அம்மா கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். வலது முழங்கால் தேய்ந்து, குந்த முடியாமல் போனதால்தான் கொமட்டே வாங்கினோம். பக்கத்துத் தோட்டத்தில் கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் ஒருவர் வந்து, ஒரே நாளில் வைத்துப் பூசிவிட்டுப் போனார். போன கையோடு அது ஆடத் தொடங்கியது. அடியில் எப்போதும் ஒரு ஈரம், ஒரு வாடை. பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டு இருந்தோம்.

அம்மாவின் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அரைக் கோப்பை தேத்தண்ணிதான் குடிப்பார். ஊற்றும்போதே கையை நீட்டி, "போதும், போதும், பாதி போதும்" என்பார். அம்மா மட்டுமில்லை, எங்கள் லயத்தில் கொழுந்துக்குப் போகிற பெண்கள் எல்லாருமே அப்படித்தான். மலையில் ஆம்பிளைகளுக்கு எந்தத் தேயிலைத் தூரும் போதும். பொம்பிளைகளுக்கு மறைவு எங்கே? கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, கங்காணி பார்த்துக்கொண்டிருக்க, எங்கே போய் ஒதுங்குவது? அதனால் காலையில் குடிக்கமாட்டார்கள். மத்தியானம் வரை தொண்டை காய்ந்தே நிற்பார்கள். இது எனக்குச் சின்ன வயதில் தெரியாது. பொம்பிளைகளுக்குக் கோப்பை பாதிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் போவது நின்று வருஷங்கள் ஆன பிறகும் அந்த அரைக் கோப்பை நிற்கவில்லை. போன மழைக்குப் பிறகு அந்த அரையும் குறைந்தது எனக்குத் தெரியவில்லை. காட்டிக் கொடுத்தது எறும்பு. வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் ரோஜா வைத்திருக்கிறேன். ஒரு நாள் பார்த்தால் வாளி முழுக்க எறும்பு, மண்ணே தெரியவில்லை. குனிந்து மோந்தேன். சீனி போட்ட தேத்தண்ணி.

"ஏம்மா, என்னா வேல இது? நான் ரோசாவுக்கா தேத்தண்ணி ஊத்துறேன்?"

"எனக்குத் தாகமே இல்லடி" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னேன். விஷயம் சின்னதுதான். தண்ணீர் குடிக்காமல் இருந்து மூத்திரத்தில் கிருமி பிடித்திருக்கிறது. மருந்து தருகிறேன், ஆனால் இந்த அம்மா தண்ணீர் குடித்தே ஆகவேண்டும், இல்லையென்றால் அடுத்தது கிட்னிக்குத்தான் போகும் என்றார். அம்மா ஒன்றும் விளங்காத மாதிரி மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஒரு கிளாஸ் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடிக்காமல் நகரமாட்டேன் என்றேன். அம்மா கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குடிச்சா போகணும். போனா அது ஆடுது. அன்னைக்கு ஒரேயடியா சாஞ்சிருச்சு. நல்லவேள, ஜன்னல் கம்பிய புடிச்சேன். இல்லாட்டி தட்டோட சேந்து பள்ளத்துக்கே போயிருப்பேன். அந்த எடத்துல, அந்தக் கோலத்துல நான் விழுந்து கெடந்தா யாரு தூக்குறது? நீ ஒத்த ஆளு தூக்க ஏலாது. மாப்புளதானே வரணும்? அந்த மானக்கேட்டுக்கு நான் குடிக்காமலே இருந்துட்டுப் போறேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அம்மா மேல், அந்தப் பாஸ் மேல், லொறி லொறி என்று சிரித்த மனுஷன் மேல், எல்லார் மேலும் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. தமாசு பேசிய ஆள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம கழட்டிருவோம்" என்றார்.

ஞாயிறு காலை மூட்டம் கலைவதற்கு முன்பே கழற்றினோம். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொமட்டைத் தூக்கி முற்றத்தில் வைத்தோம். வைத்த அவசரத்தில் அது தேயிலை மலையைப் பார்த்து நின்றது. விறகுக்குப் போன பக்கத்து வீட்டு அக்கா நின்று பார்த்தார். "என்னா, தோட்டத்துத் தொரை மலைய பாக்க வந்திருக்காரா?" என்றார். அம்மாவும் நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, கம்பை ஊன்றி வாசலில் வந்து உட்கார்ந்தார். மூட்டம் இறங்க இறங்க, அம்மாவும் கொமட்டும் பக்கத்தில் பக்கத்தில் வெள்ளைக்குள் மங்கிப்போனார்கள். கேட்டால் கனவில் கண்டேன் என்று சொல்வேன், ஆனால் கண்ணால்தான் பார்த்தேன்.

மாத்திரையை அம்மா ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினார். அதற்கு மேல் ஒரு சொட்டும் மாட்டேன் என்றுவிட்டார். கொமட் முற்றத்தில் நிற்கிறது, பக்கத்து வீடுகளில் எல்லாம் குந்துகிற கக்கூஸ். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் நாங்கள் முடித்தாக வேண்டும்.

கொமட் இருந்த இடத்தைக் கிண்டிப் பார்த்தால் கதை விளங்கியது. கொமட்டின் அடிவாய்க்கும் கீழே போகும் குழாய்க்கும் நடுவில் தரையோடு சேர்த்து முடுக்க வேண்டிய ஒரு வளையம் உண்டு. கடையில் அதை ஃபிளேன்ஜ் என்பார்கள். அதில் இருக்கிற இரண்டு போல்ட்டும்தான் கொமட்டை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். எங்கள் பாஸ் அதைத் தரையில் முடுக்கவே இல்லை. சீமெந்துக்குள் அமுக்கிவிட்டு, இடைவெளிக்குச் சீமெந்துப் பையைக் கிழித்து அடைத்திருந்தார். வளையம் குறுக்காக வெடித்து, போல்ட் இரண்டும் பல் விழுகிற மாதிரி ஆடின. கீழே குழாயும் பொருத்தில் பிளந்திருந்தது. "நாசமா போறவனே!" என்று மூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். கேட்டிருந்தால் நல்லது.

உடைந்த வளையத்தைப் பினாயில் போட்டுக் கழுவி, பையில் சுற்றி, பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். ஹார்ட்வெயார்க் கடை முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம்; அவர் அப்போதுதான் காலைச் சாப்பாடு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பையைப் பிரித்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

"இது எங்க இருந்து கழட்டினது தங்கச்சி?"

"கக்கூசுல இருந்துதான் நானா."

நானா இரண்டடி பின்னால் போய்விட்டார். "சைஸ சொன்னா போதுமே, மக! ஆளயே கூட்டிக்கொண்டு வந்தீக்கிறீங்களே!" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டுப் புது வளையம், றப்பர், போல்ட், நாலு அங்குலக் குழாய், பொருத்து, பசை எல்லாம் எடுத்துத் தந்தார். குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டுக் குழாய்க்கு டிக்கட் கேட்காமலே நகர்ந்துவிட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

தட்டுக்குக் கீழே போனது நான்தான். வீட்டுக்காரர் போனால் வயிறு தட்டும். குழியிலிருந்து வாடை வராதபடி அந்தப் பக்கத்துக் குழாயில் பழைய சாக்கை அடைத்துவிட்டு, விறகை ஒதுக்கி, மல்லாந்து படுத்தேன். தலைக்கு மேலே வட்டமாக ஒரு துளை. மேலே பல்ப் எரிந்தது. அந்த வட்டத்திலிருந்து வெளிச்சம் என் நெஞ்சில் விழுந்தது, பள்ளத்து மூட்டம் என்னைத் தாண்டி அதே வட்டத்துக்குள் நூலாக ஏறிப் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கை வேலையை மறந்துவிட்டது.

"தூங்கிட்டியா புள்ள?" மேலே இருந்து வீட்டுக்காரர்.

"ஆமா, பாய் போட்டு படுத்திருக்கேன். குழாய புடிங்க!"

அவர் மேலே வளையத்தைத் தரையில் வைத்து, துளை போட்டு, ஆணி முடுக்கினார். நான் கீழே பசை தடவி, வளையத்தின் கழுத்தில் குழாயை ஏற்றி, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பிடித்ததும் அங்கிருந்து குழிவரை குழாயைச் சரிவோடு சரிவாக, செங்குத்தாக நெட்டுக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் சாய்க்கலாமா என்று கூட யோசித்தோம். "மலையில தண்ணிக்கு வழி சொல்லணுமா? அது பாட்டுக்கு ஓடிரும்" என்றார் அவர். நானும் தலையாட்டினேன். மலையில் பிறந்து, மலையில் வளர்ந்து, சறுக்கிச் சறுக்கியே பள்ளிக்கூடம் போன ஆட்கள். சாய்வு கூடினால் நல்லது என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

பசை காய்ந்த பிறகு சாக்கை எடுத்துவிட்டுச் சோதித்தோம். நான் மேலே போய், ஊறவைத்த பத்திரிகைக் காகிதத்தை உருண்டையாகப் போட்டு, வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அவர் குழியருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"தண்ணி வந்துருச்சு!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காயிதம் வரல" என்றார்.

இன்னொரு வாளி. தண்ணீர் பாய்ந்து போனது, காகிதம் வரவில்லை. குழாயைத் தட்டிக்கொண்டே போனால் நடுவில் ஓரிடத்தில் சத்தம் மொத்தையாகக் கேட்டது. தண்ணீர் காகிதத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடியிருக்கிறது.  இது காகிதம். நாளைக்கு?

"ஒங்களால ஒரு குழா சரியா போட முடியுதா?"

"நான் மட்டுமா போட்டேன்? கீழ படுத்திருந்தது யாரு?"

வாசலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "சண்ட போடாதீங்க. எனக்குத் தாகம் இல்ல."

அதைக் கேட்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். நான் மறுபடி தட்டுக்குக் கீழே போய் விறகின் மேல் உட்கார்ந்தேன். அழலாமா, குழாயை எட்டி உதைக்கலாமா என்று இருந்தது. அப்போது மூட்டம் விலகி, எதிர்மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் தேயிலை நிரை. பிறகு நிரைகளுக்கு நடுவே கான். மழைத் தண்ணீர் போக மலையில் வெட்டியிருக்கிற வடிகானைத்தான் சொல்கிறேன். தினமும் தாண்டிப் போகிற கான்தான். அன்றைக்குத்தான் பார்த்தேன், ஒரு கான்கூட நெட்டுக்கு இறங்கவில்லை. எல்லாம் மலைக்குக் குறுக்கே, சாய்ந்தும் சாயாமலும், மெல்லப் போய்க்கொண்டிருந்தன. நெட்டுக்கு விட்டால் தண்ணீர் தாறுமாறாக ஓடும். குறுக்கே விட்டால்தான் எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு போகும்.

"என்னாங்க!" என்று கத்தினேன். "கான் மாதிரிங்க! மொதல்ல நேரா எறக்கிட்டு, பொறவு கான் மாதிரி சாய்க்கணும்!"

அவர் எதிர்மலையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வளைவும் இன்னொரு பொருத்தும் வேண்டும். நானா கடையைப் பூட்டிவிடுவார் என்று முச்சக்கர வண்டி பிடித்து ஓடினார். நான் அறுக்கும் வாளை எடுத்து, வளையத்துக்குச் சற்றுக் கீழே குழாயை அறுத்து, சிக்கிய காகிதத்தையும் தட்டி எடுத்தேன்.

அறுத்து முடித்து ஓய்ந்து படுத்திருந்தபோது மேலே தட்டில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. வெளிச்ச வட்டம் இருண்டது. வட்டத்துக்குள் குனிந்த அம்மாவின் ஒரு கண்.

"அங்கயா இருக்க?"

"இங்கதாம்மா இருக்கேன்."

"எம்புட்டு ஆழம் அது?"

"ஆழமா? கம்ப விடுங்க பாப்போம்."

கம்பின் நுனி வளையத்துக்குள் நுழைந்து, குழாய்க்குள் மெல்ல இறங்கி வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மேலே இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை. மூட்டம் எங்கள் இருவருக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

"இம்புட்டுத்தானா?" என்றார் அம்மா. "நான் அடியில வெறும் பள்ளம்னுல்ல நெனச்சேன்."

"நாலு தூணு இருக்கும்மா. வெறகு இருக்கு. நான் இருக்கேன்."

அம்மா கம்பை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

வீட்டுக்காரர் வந்ததும் மிச்ச வேலை ஓடியது. குழாயை நேராக இறக்கி, வளைவு வைத்து, அங்கிருந்து குழிவரை கான் மாதிரி மெல்லச் சாய்த்து, தொய்யாமல் இருக்க நடுவில் கல் அடுக்கிக் கட்டினோம். பசை காயும்வரை பொருத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம், பயம்தான். பிறகு காகித உருண்டை, ஒரு வாளித் தண்ணீர்.

"வந்துருச்சு!" குழியருகே இருந்து அவர் போட்ட சத்தத்தில் லயத்து நாயெல்லாம் குரைத்தது. "காயிதம் வந்துருச்சு புள்ள!" பிள்ளை பிறந்த செய்தியைக்கூட யாரும் அப்படிக் கத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.

முற்றத்துத் துரையைத் தூக்கிவந்தோம். வளையத்தின் மேல் றப்பரை வைத்து, போல்ட் இரண்டுக்கும் நேராக இறக்கி, பக்கத்துக்குக் கொஞ்சமாக மாறி மாறி நட்டை முடுக்கினோம். வீட்டுக்காரர் காற்சட்டையோடே ஏறி உட்கார்ந்து இடமும் வலமும் ஆடிப் பார்த்தார். அவர்தான் ஆடினார், அது ஆடவில்லை.

அம்மா உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் குசினியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் போனது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு கம்பு ஊன்றும் சத்தம், அவசரமில்லாமல்.

அம்மா வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.   கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் அம்மாவின் கோப்பையை எடுத்து, வழக்கம்போல் பாதி ஊற்றி நிறுத்தினேன். அம்மாவின் கை குறுக்கே வரவில்லை. கோப்பையை என் பக்கமே தள்ளினார்.

"நெறைய ஊத்து" என்றார்.

என் ஆயுளில் அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. கண்ணை நீர் மறைத்துவிட்டது. எங்கே ஊற்றுகிறேன் என்று தெரியாமல் ஊற்றி, கோப்பை நிறைந்து, சாசர் நிறைந்து, அம்மாவின் சேலையிலும் கொட்டிவிட்டது.

"கண்ணு தெரியாதாடி ஒனக்கு?" என்று ஏசிக்கொண்டே அம்மா சாசரைத் தூக்கி, முதலில் அதில் இருந்ததைக் குடித்தார்.